நீரில் முங்கும் காகம்

மைசூரில் குக்கரஹள்ளி ஏரிக்குப் போயிருக்கிறீர்களா? கரையோர மரங்களைப் பாருங்கள். கருப்பாக ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். இரண்டு சிறகையும் விரித்து வைத்திருக்கும். கொடியில் ஈரத்துணி காயப் போட்டது போல இருக்கும். அது காகமும் இல்லை, வாத்தும் இல்லை. அதன் பெயர் நீர்க்காகம். கன்னடக்காரர்கள் நீருகாகெ என்பார்கள்.

வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் இறகு நனையும். நனைந்தால்தான் சுலபமாக முங்கி மீன் பிடிக்கலாம். பிறகு வெயிலில் சிறகைக் காய வைக்க வேண்டும்.

நம் பக்கத்தில் மூன்று வகை நீர்க்காகங்கள் உண்டு. அதிகம் பார்ப்பது சின்ன நீர்க்காகம். காக்கையைவிடச் சற்றுப் பெரியது. நீளம் சுமார் 50 சென்டிமீட்டர். கழுத்து குட்டை. அலகும் குட்டை. சின்னக் குட்டையில்கூட இது வரும்.

இரண்டாவது கொண்டை நீர்க்காகம். பெயரை நம்பிக் கொண்டையைத் தேடாதீர்கள், ஏமாந்து போவீர்கள்! அலகைப் பாருங்கள். மெலிந்து நீளமாக இருக்கும். நுனி கொக்கி போல வளைந்திருக்கும். கண் நீலமும் பச்சையும் கலந்த நிறம்.

மூன்றாவது பெரிய நீர்க்காகம். மற்ற இரண்டையும்விட மிகப் பெரியது. அலகு தடிமன். அலகின் அடியில் மஞ்சள் தோல் தெரியும். முட்டையிடும் காலத்தில் தொடையில் வெள்ளைத் திட்டு வரும்.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குஞ்சுகள் பழுப்பாக இருக்கும். அளவையும் அலகையும் பாருங்கள்.

ஏரியை மீன் குத்தகை எடுத்தவருக்கு இந்தப் பறவை மேல் கோபம் வரும். காசு போட்டு விட்ட மீன்குஞ்சு போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் சின்ன நீர்க்காகம் தின்பது சிறுமீன் மட்டும் அல்ல. தவளை, தலைப்பிரட்டையும் தின்னும். பெரிய மீனை அதனால் விழுங்க முடியாது. எனவே மீன்குஞ்சைக் கொஞ்சம் வளர்த்துப் பெரிதாக்கி ஏரியில் விடலாம். குஞ்சு வளர்க்கும் தொட்டிக்கு மேலே வலை கட்டலாம். வலையை இழுத்துக் கட்டுங்கள். தொங்கினால் பறவை சிக்கிச் சாகும். பறவையைக் கொல்வது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்தில், காவிரித் தீவுகளில், ரங்கனதிட்டு இருக்கிறது. பறவை அறிஞர் சாலிம் அலி மைசூர் மகாராஜாவிடம் எடுத்துச் சொன்னார். 1940இல் அது பறவைகள் சரணாலயம் ஆனது. அங்கே படகில் போய் நீர்க்காகங்களைப் பார்க்கலாம். தண்ணீருக்கு மேலே கழுத்து மட்டும் பாம்பு போலத் தெரிந்தால் அது நீர்க்காகம் இல்லை. அது பாம்புத்தாரா. அதன் அலகு ஊசி போல நேராக இருக்கும். நுனியில் கொக்கி இருக்காது.