சண்டைக்குப் போட்ட ஓடுபாதை!
கட்டுநாயக்கா விமான நிலையம் பிறந்த கதை

மில்லர்புரத்தில் நாலு பேர் கூடி கொழும்புப் பேச்சை எடுத்தால் போதும், தோணிக் கதை, கப்பல் கதை என்று பொழுது போவதே தெரியாது. அண்ணாச்சிமார் பலருக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. இன்று கொழும்புக்குப் பறந்து போகிறவர்கள் இறங்குவது கட்டுநாயக்கா விமான நிலையத்தில்.

அந்த ஓடுபாதை பயணிகளுக்காகப் போட்டது அல்ல. சண்டைக்காகப் போட்டது!

குண்டு மழை

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பான் விமானங்கள் கொழும்பு துறைமுகத்தின் மீது குண்டு மழை பொழிந்தன. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மதராஸ் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள்.

சிங்கப்பூர் ஏற்கனவே பிப்ரவரியில் விழுந்துவிட்டது. இலங்கையும் போனால் இந்துமாக்கடலே கைவிட்டுப் போகும் என்று வெள்ளைக்காரன் பயந்தான். தீவில் விமானத் தளங்கள் முளைத்தன. நீர்கொழும்பு பக்கம் கட்டுநாயக்காவில் 1944-ல் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் எழுந்தது.

கை மாறியது

1945-ல் சண்டை ஓய்ந்தது. 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. ஆனால் தளம் வெள்ளைக்காரன் கையிலேயே இருந்தது. 1956-ல் பிரதமரான பண்டாரநாயக்கா விடாமல் கேட்டு, 1957-ல்தான் அது இலங்கை வசம் வந்தது.

அப்போது பயணிகள் விமானம் இறங்கியது ரத்மலானையில். பெரிய ஜெட் விமானங்களுக்கு அந்த இடம் காணாது. கட்டுநாயக்காவில் 1964-ல் கனடா நாட்டு உதவியோடு வேலை தொடங்கி 1967-ல் முடிந்தது. 1970-ல் பண்டாரநாயக்கா பெயர் சூட்டினார்கள். 1977-ல் ஆட்சி மாறியது, பெயரும் போயிற்று! பிறகு வந்தவர்கள் பழைய பெயரைத் திரும்ப வைத்தார்கள்.

மீண்டும் தீ

விமானப்படை மட்டும் பக்கத்திலேயே இருந்தது. அதுதான் வினை. 2001 ஜூலை 24 அதிகாலையில் விடுதலைப்புலிகள் தளத்துக்குள் புகுந்தார்கள். போர் விமானங்களோடு நிற்காமல் பயணிகளின் ஏர்பஸ் விமானங்களும் எரிந்தன. சுற்றுலாக்காரர்கள் வருவது குறைந்தது. கப்பல்களுக்கான போர் இன்சூரன்ஸ் கட்டணமும் எகிறியது. கொழும்பு வழியாகச் சரக்குப் பெட்டி அனுப்பும் தூத்துக்குடி வியாபாரிகளுக்கு இது அடுத்த நாட்டுச் சேதியாக இருக்குமா?

நம்ம பக்கம்

அதே உலகப்போர் காலத்தில் கயத்தாறிலும் ஒரு ஓடுபாதை போட்டார்கள். போர் முடிந்தது, அதன் கதையும் முடிந்தது. பயணிகள் விமான நிலையமாக அது வளரவில்லை. தூத்துக்குடிக்கு விமான நிலையம் வந்தது வாகைகுளத்தில், அதுவும் 1992-ல்தான்.

வாகைகுளத்தில் 2025 ஜூலையில் புதிய முனையக் கட்டிடம் திறந்தாயிற்று. ஓடுபாதையும் நீண்டுவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம்தான் கொழும்பு. ஆனால் திறப்பு விழா நடந்த அன்றுகூட, கொழும்புக்குப் பறக்க வேண்டியவர் மதுரைக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறித்தான் ஆக வேண்டும் என்ற நிலை.

தோணி போகிற ஊருக்கு விமானம் எப்போது?