டப்பாவில் கொஞ்சம் எடுத்து வாருங்கள்

சென்னை கொரட்டூரில் நாய் வளர்ப்பவர்கள் பலர் மருந்துக் கடைக்குப் போய் "பூச்சி மாத்திரை" என்று கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். எந்தப் பூச்சிக்கு என்று கேட்டால் பதில் இருக்காது. கால்நடை ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யோசனை கேட்டு வருபவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: "இன்னிக்குக் காலையில போன மலத்துல கொஞ்சம் டப்பாவுல எடுத்துட்டு வாங்க."

முகம் சுளிப்பார்கள். ஆனால் நாய்க்கு இதைவிட நோகாத பரிசோதனை கிடையாது. ஊசி வேண்டாம், வாயைக் கட்ட வேண்டாம், கடிக்குமோ என்ற பயமும் வேண்டாம்.

செய்முறை எளிது. சமையல் உப்பைச் சுடுதண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற வரை கரைத்து ஆறவைப்போம். அதில் மலத்தைக் கலக்கி வடிகட்டி, சிறு குழாயின் விளிம்பு வரை ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை வைப்போம். புழு முட்டைகள் உப்புக் கரைசலைவிட லேசானவை. கால் மணி நேரத்துக்குள் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கசடு அடியில் தங்கிவிடும். அந்தக் கண்ணாடியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கொக்கிப்புழு முட்டை மெல்லிய ஓட்டோடு, உள்ளே திராட்சைக் கொத்துபோல் செல்களோடு தெரியும். உருண்டைப்புழு முட்டைக்குக் கருத்த, தடித்த ஓடு. நாடாப்புழு மட்டும் பெரும்பாலும் இதில் அகப்படாது. அரிசிபோன்ற அதன் துண்டுகள் மலத்திலோ வால் அடியிலோ ஒட்டியிருப்பதை வீட்டுக்காரர்களே பார்த்துவிடலாம். அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் மறுபடியும் வரும்.

மலம் புதிதாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்ச் சூட்டில் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரித்துவிடும். மண்ணில் வளரும் அந்தப் புழுக்குஞ்சு வெறுங்காலில் தொட்டால் மனிதத் தோலுக்குள்ளும் நுழையும். அரிக்கும் சிவப்புக் கோடாக ஊர்ந்து போகும். நாய் அசுத்தம் செய்த மணலில் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும்.

பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் குட்டி நாயைத் தூக்கி வந்தார். "சார், மூணு நாளா சோர்ந்தே கெடக்குது, மலம் தார் மாதிரி போகுது." உதட்டை விலக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்திருந்தது. சோதித்தபோது கண்ணாடி முழுக்கக் கொக்கிப்புழு முட்டை. குடலில் பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும் புழு அது. தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய்விடும். முட்டை வெளிப்பட இரண்டு வாரத்துக்கு மேலாகும் என்பதால், அதற்கு முன்பே குட்டி செத்துப்போவதும் உண்டு. ஆகவே குட்டிகளுக்குச் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்தே, எடை பார்த்து, டாக்டர் சொல்லும் இடைவெளியில் மருந்து கொடுக்க வேண்டும்.

வளர்ந்த நாய் விஷயம் வேறு; சோதித்த பிறகே மருந்து. அமெரிக்காவில் பந்தய கிரேஹவுண்டு நாய்களுக்கு ஓயாமல் மருந்து கொடுத்ததில், பல மருந்துகளுக்கும் அசையாத கொக்கிப்புழு உருவாகிவிட்டது. மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி மலத்தைப் பார்த்தால்தான் அது வேலை செய்ததா என்று தெரியும்.

ஈறு வெளுத்தாலே கொக்கிப்புழு என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். 1910இல் இதே மெட்ராஸில், நரி வேட்டைக்கு வளர்த்த நாய்களின் ரத்தத்தில் டபிள்யூ. எஸ். பேட்டன் ஒரு புது ஒட்டுண்ணியைக் கண்டு எழுதினார். இன்று அதற்கு பபேசியா கிப்சோனி என்று பெயர். உண்ணி பரப்பும் அந்தக் காய்ச்சலிலும் ஈறு வெளுக்கும், ஆனால் மலத்தில் தடயம் இருக்காது. அதற்குக் காதோரத்தில் ஒரு துளி ரத்தம் எடுத்தே ஆக வேண்டும்.

சோதனைக்கு எங்கே போவது? கொரட்டூரில் ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான். 1903 முதல் இயங்கும் இடம். அங்கே போனாலும் சரி, பக்கத்து டாக்டரிடம் போனாலும் சரி, நாயோடு அந்தச் சின்ன டப்பாவையும் கொண்டு போங்கள். உடனே போக முடியாவிட்டால் நன்றாக மூடி, உணவுப் பொருளோடு சேராமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம்.