கானன் தேவி கேட்ட கணக்கு

கானன் தேவியின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகிறார்கள். 1916இல் ஹௌராவில் பிறந்த ஏழைச் சிறுமி. அப்பா என்று அறிந்திருந்தவர் கடனை வைத்துவிட்டுக் கண்மூடியதும் தாயோடு உறவினர் வீட்டில் எடுபிடி வேலை செய்தவர். குரலும் முகமும் கைகொடுக்க, வங்கத் திரையின் முதல் பெரிய நட்சத்திரமாகி, 1976ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருதுவரை உயர்ந்தவர். இதில் தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனால் கதையை இப்படிச் சொல்லி முடித்தால், எல்லாம் அதிர்ஷ்டமும் திறமையும் செய்த வேலை என்று ஆகிவிடுகிறது. அவர் எந்த நிபந்தனையின் பேரில் வேலை செய்தார், அந்த நிபந்தனையை யார் வகுத்தார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவருடைய வாழ்க்கையின் திருப்பங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், அநேகமாக ஒவ்வொன்றும் ஓர் ஒப்பந்தத்தில் வந்து நிற்கிறது. கானன் தேவியின் பெரிய சாதனை, தன் உழைப்பின் மீதான உரிமையைப் பிறர் கையிலிருந்து மெல்ல மெல்லத் தன் கைக்கு மாற்றிக்கொண்டதுதான் என்பது என் கருத்து.

தொடக்கத்தைப் பாருங்கள். 1926இல் மதன் தியேட்டர்ஸ் எடுத்த ‘ஜெய்தேவ்’ என்ற மௌனப் படத்தில் அவர் நடித்தபோது வயது பத்து. பேசிய தொகை 25 ரூபாய், கைக்கு வந்து சேர்ந்தது 5 ரூபாய் என்பது அவரே பின்னாளில் சொன்ன கணக்கு. இடையில் இருந்தவர்களின் கைகளில் மீதி கரைந்துபோனது. அந்தக் காலத்தில் குழந்தைக்கும் பெண்ணுக்கும் கூலி அப்படித்தான் வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1931இல், ‘ஜோர்பராத்’ படப்பிடிப்பில் நடந்தது இதைவிடக் கொடுமை. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது கதாநாயகன் திடீரென அவரை இழுத்து முத்தமிட்டார். அப்படிச் செய்யச் சொன்னவர் இயக்குநர். நடிகைக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. சொன்னால் மறுத்துவிடுவாள் என்பது தெரிந்தேதான் சொல்லாமல் விட்டார்கள். அப்போது அவருக்கு வயது பதினைந்து. பல ஆண்டுகளுக்குப் பின் தன் வரலாற்று நூலில் அந்த அவமானத்தை அவர் மறைக்காமல் எழுதினார். அந்த எழுத்தில் நான் காண்பது ஒரு தொழிலாளியின் புகார்: என்ன வேலை என்று சொல்லாமலே என்னிடம் வேலை வாங்கினீர்கள்.

அடுத்தது ராதா பிலிம்ஸ் காலம். ‘மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ போன்ற படங்களால் பெயர் பரவிய நேரத்தில், 1935இல் நியூ தியேட்டர்ஸுக்காக ‘தேவதாஸ்’ எடுத்த பிரமதேஷ் பருவா, பார்வதி வேடத்துக்கு இவரைத்தான் விரும்பினார். கம்பெனி விடவில்லை, வாய்ப்பு ஜமுனாவுக்குப் போனது. இந்தியத் திரையின் மிகப் பெரிய வேடங்களில் ஒன்றை அவர் இழந்தது திறமைக் குறைவால் அல்ல, கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த ஒரு காகிதத்தால். பிறகு அவரே நியூ தியேட்டர்ஸுக்குப் போனதும் நிலைமை மாறியது. அதே பருவாவின் ‘முக்தி’, தேவகி போஸின் ‘வித்யாபதி’ இரண்டும் 1937இல் வந்தன. ‘முக்தி’யில் அவர் பாடிய ரவீந்திர சங்கீதம், அதுவரை படித்த குடும்பங்களின் கூடத்துக்குள் ஒலித்துக்கொண்டிருந்த பாடல்களை டிராம் வண்டியில் போகிறவர்களின் வாய்க்குக் கொண்டுவந்தது. 1938இல் சைகலோடு ‘ஸ்ட்ரீட் சிங்கர்’. குரல், முகம், வேடம் மூன்றும் ஒன்றாகப் பொருந்திய ஆண்டுகள் அவை.

இங்கே ஒரு மறுப்பு வரும். பி.என். சர்க்கார் டாலிகஞ்சில் நடத்திய நியூ தியேட்டர்ஸ் இல்லாவிட்டால் கானன் ஏது என்பார்கள். ராய்சந்த் போராலின் இசைக்கூடம், மெகாபோன் இசைத்தட்டுக் கம்பெனியில் பீஷ்மதேவ் சட்டோபாத்யாய், நஸ்ருல் இஸ்லாம் ஆகியோரிடம் கற்ற பாடம் இவையெல்லாம் சேர்ந்து உருவாக்கியவர் அல்லவா அவர்? உண்மைதான், இதை நான் குறைக்க விரும்பவில்லை. மாதச் சம்பளமும் ஒழுங்கான பயிற்சியும் தந்த இடம் அது. ஆனால் நிறுவனமே அவரை முழுதும் உருவாக்கியது என்றால், 1941இல் அந்தப் பாதுகாப்பை அவரே உதறிவிட்டு வெளியே வந்த பிறகு அவர் மங்கியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. அடுத்த ஆண்டே வந்த ‘ஜவாப்’ படத்தின் ரயில் பாட்டு நாடு முழுவதும் ஓடியது. கற்றுக்கொடுத்தவர்களுக்கு நன்றி உண்டு. அதற்காக ஆயுளுக்கும் அடிமைச்சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை என்று அவர் முடிவு செய்தார் என்றே இதை நான் படிக்கிறேன்.

வீட்டிலும் இதே பிரச்சினை எழுந்தது. 1940இல் பிரம்ம சமாஜக் குடும்பத்து அசோக் மைத்ராவை மணந்தபோது கல்கத்தாவின் மேட்டுக்குடி கொதித்தது. மணமகன் புகழ்பெற்ற கல்வியாளர் ஹேரம்ப சந்திர மைத்ராவின் மகன். திருமணத்துக்குப் பின் நடிப்பை விட வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள், அவர் விடவில்லை. 1945இல் மணமுறிவு. அதற்குப் பிறகும் மைத்ராவைப் பற்றி நன்றியோடுதான் பேசினார். கௌரவம் வேண்டும், ஆனால் தொழிலை விலையாகக் கொடுத்து வாங்க மாட்டேன் என்ற இந்த நிலை அன்றைக்கு எவ்வளவு அரிது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1949இல் ஸ்ரீமதி பிக்சர்ஸ் பிறந்தது. முதல் படம் ‘அனன்யா’. இயக்கம் ‘சவ்யசாசி’ என்ற கூட்டுப் பெயரில். அந்தக் கூட்டில் கானன் தேவியும் ஒருவர். கூலி குறைந்துபோன சிறுமி, கூலி கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். தமிழ் வாசகருக்கு இது அந்நியமான கதை அல்ல. 1933இல் ‘வள்ளி திருமணம்’ பேசும்படத்துக்காகக் கல்கத்தாவின் பயனியர் ஸ்டுடியோவுக்கு வந்து நடித்த டி.பி. ராஜலட்சுமி, 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தானே தயாரித்து இயக்கினார். பானுமதி பரணி பிக்சர்ஸ் கண்டார். டி.ஆர். ராஜகுமாரி தியாகராய நகரில் தன் பெயரிலேயே தியேட்டர் எழுப்பினார். ஒருவரை ஒருவர் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. ஆயினும் இரண்டு நகரங்களின் நடிகைகள் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால், அவர்களை நெருக்கிய நிலைமையும் ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இதற்கும் வலுவான எதிர்வாதம் உண்டு. சொந்தக் கம்பெனியில் அவர் எடுத்தது என்ன? ‘மேஜ்தீதி’, ‘ஆந்தாரே ஆலோ’, ‘ராஜலட்சுமி ஓ ஸ்ரீகாந்தா’ என்று சரத்சந்திரரின் கதைகள். அன்பும் தியாகமும் நிறைந்த பெண்கள். பல படங்களை இயக்கியவர் 1949இல் அவர் மணந்த ஹரிதாஸ் பட்டாச்சார்யா. சமூகம் வரைந்த கோட்டுக்குள்தானே திரும்ப வந்து நின்றார் என்று கேட்டால், கதைகளைப் பொறுத்தவரை நான் ஒத்துக்கொள்கிறேன். திரையில் அவர் புரட்சி எதுவும் செய்யவில்லை. ஆனால் திரையில் தெரிவதை மட்டும் வைத்து ஒரு நடிகையின் சுதந்திரத்தை அளக்க முடியாது. எந்தக் கதை, யார் இயக்குநர், என்ன சம்பளம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இருந்தது. அந்த அதிகாரத்தைத் தனக்காக மட்டும் வைத்துக்கொள்ளவும் இல்லை. வயதாகி, வேடம் இல்லாமல், ஆதரவின்றிக் கிடந்த மூத்த நடிகைகளுக்காக ‘மஹிலா ஷில்பி மஹல்’ என்ற அமைப்பை நடத்தினார். நாடகம் போட்டு நிதி திரட்டினார். ஓய்வூதியமும் சேமநிதியும் இல்லாத தொழிலில், முதுமை என்பது பெண்ணுக்கு என்ன செய்யும் என்று அறிந்தவர் செய்த வேலை அது. பால்கே விருதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1992 ஜூலை 17 அன்று கல்கத்தாவில் அவர் காலமானார். கேரளத்தில் 2017இல் அமைக்கப்பட்ட ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது, படப்பிடிப்புத் தளத்தில் பெண்கள் நடத்தப்படும் விதம் குறித்து அதில் இருந்தவற்றைப் படித்துப் பலர் அதிர்ந்தார்கள். ‘ஜோர்பராத்’ நடந்து அப்போது தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சரத்சந்திரரையும் தாராசங்கரையும் தமிழில் படித்து வளர்ந்தவர்கள் நாம். கானன் தேவி 1973இல் வெளியிட்ட அந்தத் தன் வரலாற்று நூலான ‘சபாரே ஆமி நமி’யையும் நம் மொழிபெயர்ப்பாளர்களும் பதிப்பாளர்களும் கையில் எடுக்க வேண்டும், நடிக்க வருகிற ஒவ்வொரு பெண்ணும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதைப் படிக்க வேண்டும்.