மலைக்குப் போகும் பிள்ளையின் கையில் எவ்வளவு காசு?

விடுமுறைப் பயணத்தில் பிள்ளைகளின் கைச்செலவுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணக்கைப் பெற்றோரின் சம்பளத்திலிருந்து தொடங்கினால் அது சரியாக அமைவதில்லை. அந்தக் காசை வைத்துப் பிள்ளை எதையெல்லாம் தானே முடிவு செய்யப்போகிறது என்பதுதான் முதலில் தெளிவாக வேண்டும். அது தெளிந்துவிட்டால் தொகை தானாக வந்துவிடும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆயிரம் ரூபாயை அரை நாளில் தொலைத்துவிட்டு இன்னும் கேட்பதும், கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை ஐம்பது ரூபாயை இரண்டு நாளும் எண்ணி எண்ணிச் செலவழிப்பதும் எந்தச் சுற்றுலா ஊரிலும் பார்க்கக் கிடைப்பவைதான்.

பிள்ளை கையில் தனிக்காசு கொடுத்துத் தானே முடிவெடுக்க விடும் பழக்கத்தைத் தொடங்கிப் பார்க்க ஜமுனாமரத்தூர் போன்ற சிறிய மலையூர் மிகவும் தோதான இடம். திருவண்ணாமலை மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலையின் மேல், போளூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஊர். கோலப்பன் ஏரியில் படகு, சற்றுத் தள்ளி பீமன் அருவி, ஆலங்காயம் போகும் பக்கம் காவலூர் வானியல் ஆய்வகம் என்று பார்க்க வேண்டியவை சில உண்டு. காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் இயங்கிவருகிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பதுபோல் தெரு நெடுகப் பொம்மைக் கடையும் சாக்லேட் கடையும் இங்கே கிடையாது. பிள்ளையின் ஆசைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அதனால் காசு எங்கே போகிறது என்று பிள்ளைக்கே கண்ணுக்குத் தெரிகிறது.

முதலில் பிரிக்க வேண்டியது வீட்டுச் செலவையும் பிள்ளையின் செலவையும். பஸ் கட்டணம், தங்கும் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம், தண்ணீர், மருந்து ஆகியவை பெற்றோர் பொறுப்பு. பசிக்குச் சாப்பிடுவதைப் பிள்ளையின் காசில் சேர்த்துவிட்டால், சில பிள்ளைகள் பொம்மைக்காக வயிற்றைக் காயப்போடும். தின்பண்டம், விளையாட்டுப் பொருள், ஊருக்கு எடுத்துப்போகும் சின்னச் சாமான், தோழிக்கு ஒரு வளையல், ஒருமுறை அனுபவித்ததை மறுமுறை அனுபவிக்கும் செலவு ஆகியவை பிள்ளைக்கு உரியவை.

கடைசியில் சொன்னதுதான் இதில் மிகவும் பயனுள்ளது. படகுத் துறையை எடுத்துக்கொள்ளலாம். முதல் சுற்றுக்கான சீட்டைக் குடும்பத்தோடு சேர்த்து அப்பா எடுத்துவிடுகிறார். கரைக்கு வந்ததும் எட்டு வயது மகள், "அப்பா, இன்னொரு ரவுண்டு போலாம்பா" என்கிறாள். பிள்ளையிடம் தனிக்காசு இல்லாத வீட்டில் இது கெஞ்சலாகத் தொடங்கி, அதட்டலில் போய், அழுகையில் முடியும். தனிக்காசு இருந்தால் அப்பா சொல்ல வேண்டியது ஒரு வரிதான்: "உன் காசுல போம்மா, யாரு வேணாங்கறது?" உடனே மகளின் கை பர்ஸுக்குப் போகிறது, நோட்டை எடுக்கிறாள், மடிக்கிறாள், மறுபடியும் உள்ளே வைக்கிறாள். இரண்டாவது சுற்றா, வழியில் பார்த்த மரப்பொம்மையா என்று யோசிக்கும் அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு முழுவதும். அவள் எதைத் தேர்ந்தாலும் பெரியவர்கள் வாய் திறக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். "நான் அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தை வந்துவிட்டால் அடுத்த முறை பிள்ளை யோசிக்காது, பெரியவர் முகத்தைத்தான் பார்க்கும்.

இனித் தொகை. இரண்டு நாள் பயணம், எட்டு வயதுப் பிள்ளை என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு இரண்டு தின்பண்டம், ஒன்று 20 ரூபாய் வீதம் 80 ரூபாய். நினைவாக எடுத்துப்போக ஒரு பொருளுக்கு 100. எதிர்பாராத ஆசைக்கு 20. ஆக 200 ரூபாய். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தின்பண்டம் நாளைக்கு மூன்று, 30 ரூபாய் வீதம் 180, பொருளுக்கு 150, கையிருப்பாக 70, மொத்தம் 400. இவை கணக்குப் போடும் முறையைக் காட்டும் எண்கள்தான். ஊருக்கும் கடைக்கும் ஏற்ப விலை மாறும், வீட்டு நிலைமைக்கு ஏற்பப் பாதியாகவும் குறையும். மாறக் கூடாதது ஒன்றே: பிள்ளை விரும்பும் எல்லாவற்றையும் வாங்க அந்தத் தொகை போதக் கூடாது, எதையுமே வாங்க முடியாத அளவுக்குக் குறையவும் கூடாது. எல்லாம் கிடைத்துவிட்டால் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. பத்து ரூபாயை மட்டும் கொடுத்துப் பொறுப்பைப் பற்றிப் பேசுவதும் வீண் வேலை.

வயது இதில் பெரிய வித்தியாசம் செய்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஒயிட்பிரெட், சூ பிங்கம் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பணத்தைக் கையாளும் அடிப்படைப் பழக்கங்கள் பலவும் ஏழு வயதுக்குள்ளாகவே படிந்துவிடுகின்றன என்றது. அதற்காக நான்கு வயதுக் குழந்தையிடம் இரண்டு நாள் காசையும் கொடுத்துவிட முடியாது. அந்த வயதில் கடை முன்னால் ஒரு நாணயத்தைக் கொடுத்து, கடைக்காரரிடம் தன் கையால் நீட்டச் சொன்னால் போதும். ஆறேழு வயதில் ஒரு நாளுக்குரியதைக் காலையில் கொடுக்கலாம். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் முழுப் பயணத்துக்குமான தொகையை ஒரே தடவையில் கொடுத்துவிடுவது நல்லது. முதல் நாள் மாலையிலேயே எல்லாம் தீர்ந்து, மறுநாள் வெறுங்கையோடு நடக்கும் அனுபவம் ஜமுனாமரத்தூரில் நேர்ந்தால் இருபது ரூபாய் ஐஸ்கிரீமோடு போய்விடும். கல்லூரி விடுதியில் முதல் மாதச் செலவில் நேர்ந்தால் அடி பலமாக விழும்.

தமிழ்நாட்டில் விடுமுறைப் பயணம் பெரும்பாலும் ஒரு குடும்பம் மட்டும் போவதாக இருப்பதில்லை. பெரியப்பா வீடு, சித்தி வீடு, கூடவே தாத்தா பாட்டி என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் பிள்ளையிடம் நூறு, இன்னொருவர் பிள்ளையிடம் ஐந்நூறு என்று இருந்தால் மலை ஏறி முடிப்பதற்குள் முகம் வாடிவிடும். புறப்படுவதற்கு முந்தின வாரமே பெரியவர்கள் தங்களுக்குள் பேசி, வயதுக்கு இவ்வளவு என்று ஒரே அளவை வைத்துக்கொள்வதுதான் வழி. அந்த அளவு, கூட்டத்தில் வசதி குறைந்த வீட்டால் சிரமமில்லாமல் தரக்கூடியதாக இருக்க வேண்டும். வசதியுள்ளவர் எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துத் தானே கொடுத்துவிடுகிறேன் என்று முன்வருவது பெருந்தன்மைதான். ஆனாலும் அந்தந்தப் பிள்ளையின் கையில் அதன் தாயோ தகப்பனோதான் காசைக் கொடுக்க வேண்டும்.

பஸ் கிளம்பும் நேரத்தில் தாத்தா சட்டைப்பையில் திணிக்கும் நூறு ரூபாய் தனி வகை. அதைப் பிடுங்கி வைப்பதும் தப்பு. அதைக் காரணம் காட்டி வீட்டுத் தொகையைக் குறைப்பதும் தப்பு. பாதியைச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம், மீதி வீட்டு உண்டியலுக்கு என்று முன்பே ஒரு வழக்கம் இருந்தால் சண்டை வராது. திருவிழாவுக்குப் போகும் பேரப்பிள்ளைகள் கையில் பெரியவர்கள் காசு கொடுப்பது தமிழ்நாட்டு ஊர்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். இலங்கைத் தமிழர்கள் சித்திரைப் புத்தாண்டில் கைவிசேடம் என்று கொடுக்கிறார்கள். அந்தக் காசில் ராட்டினம் சுற்றியதற்கும் பஞ்சுமிட்டாய் வாங்கியதற்கும் எந்தப் பெரியவரும் கணக்குக் கேட்டதில்லை. சுற்றுலாக் காசுக்கும் அந்த மரியாதை வேண்டும்.

கொடுக்கும் விதத்திலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. மலையில் ஏ.டி.எம். இயந்திரத்தையும் செல்போன் சிக்னலையும் நம்பிப் போவது சரியில்லை. பத்து, இருபது ரூபாய்த் தாள்களாகவும் நாணயங்களாகவும் சமவெளியிலேயே மாற்றிக்கொள்வது நல்லது. சாலையோரம் கூடை வைத்து விற்கிறவரிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டினால் சில்லறைக்கு அவர் எங்கே போவார்? தமிழ்நாட்டில் பத்து ரூபாய் நாணயத்தைச் சிலர் வாங்கத் தயங்கிய காலம் உண்டு. அது 14 வடிவங்களில் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. பெற்றோரின் போனில் ஸ்கேன் செய்து வாங்கித் தருவது இந்தப் பயிற்சிக்கு உதவாது. தாள் கைமாறும்போது பர்ஸ் மெலிவதைப் பிள்ளை பார்க்கிறது. போன் திரையில் அது தெரிவதில்லை.

காசு தீர்ந்துவிட்டால்? தீர்ந்ததுதான். மேற்கொண்டு ஒரு முறை கொடுத்துவிட்டால் முதலில் சொன்ன தொகைக்கு மதிப்பே இல்லாமல் போகும். பர்ஸ் தொலைந்துபோவது வேறு. சிறு பிள்ளை என்றால் பாதித் தொகையை மறுபடி கொடுப்பதில் பிழையில்லை. சேட்டை செய்ததற்குத் தண்டனையாகக் கைக்காசைப் பிடித்தம் செய்வது மட்டும் கூடவே கூடாது. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கலாம் என்றால் அது பிள்ளையின் காசே இல்லை என்றாகிவிடும். பிறகு அதைச் சேமிக்க எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

சட்டத்தின் கண்ணில் பிள்ளைகளின் கொடுக்கல் வாங்கல் விசித்திரமான இடத்தில் நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர். அவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று, அப்போது இந்தியாவுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனியின் குடியியல் சட்டத்திலோ, தன் இஷ்டப்படி செலவழிக்கப் பெற்றோர் கொடுத்த காசில் முழு விலையையும் கொடுத்துப் பிள்ளை ஒரு பொருளை வாங்கினால் அந்த வியாபாரம் செல்லும் என்று 110ஆம் பிரிவே இருக்கிறது. இங்கே அப்படித் தனிப் பிரிவு இல்லாவிட்டாலும் கடலை மிட்டாய் வாங்கும் பிள்ளையைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவதில்லை.

பிள்ளையின் காசு எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் சொல்லிக்கொடுக்க ஜவ்வாது மலையில் வாய்ப்பு இருக்கிறது. இங்கே பெரும்பான்மையோர் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். சாமை விளைகிறது, பலா, சீத்தா, நெல்லி, தேன், புளி, கடுக்காய் ஆகியவை மலைக்கு வருமானம். புளிக்காலத்தில் வீட்டுக்கு வீடு புளி தட்டிக் கொட்டை எடுப்பார்கள். விடுமுறையில் வீட்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகளும் கைகொடுப்பது உண்டு. உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டுக் கோடையில் ஊர் திரும்பும் அந்தப் பிள்ளைகளுக்கும் இதே ஜமுனாமரத்தூர்தான் கடைத்தெரு. அரசு நடத்தும் கோடை விழாவுக்கு அவர்களும் கையில் காசோடுதான் வருகிறார்கள். அந்தக் காசின் பின்னால் அவர்களின் உழைப்பும் இருக்கலாம். சமவெளியிலிருந்து வந்த பிள்ளை அவர்கள் முன்னால் நூறு நூறாக வீசிச் செலவழிப்பது பார்க்க நன்றாக இராது. இதைத் திட்டாமல், பயணத்துக்கு முன்பே பக்குவமாகச் சொல்லிவைப்பது பெற்றோரின் கடமை.

பேரம் பேசுவதிலும் ஒரு வரையறை தேவை. விலையை விசாரித்து, இரண்டு இடத்தில் பார்த்து வாங்கப் பிள்ளை கற்கட்டும். ஆனால் மலை மேலிருந்து பழம் சுமந்து வந்து விற்கும் அம்மாவிடம் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி நச்சரிப்பது சாமர்த்தியம் ஆகாது. கேட்ட விலையைக் கொடுத்து, "எந்த மரத்துப் பழம் பாட்டி?" என்று விசாரிக்கும் பிள்ளைக்கு அந்த இருபது ரூபாயில் பழத்தோடு பேச்சுத்துணையும் கிடைக்கிறது. பாக்கெட் தின்பண்டத்தைவிடச் சாமை உருண்டையும் பலாச்சுளையும் மலைக்கும் நல்லது. காட்டில் பிளாஸ்டிக் உறை சேராது. கட்டாயப்படுத்தினால் மட்டும் பயனில்லை. அது பிள்ளையின் காசு.

பள்ளிச் சுற்றுலாவுக்கு இவற்றில் பாதி பொருந்தாது. அங்கே பள்ளி முன்கூட்டியே உச்சவரம்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் அதைத் தாண்டக் கூடாது. ஒளித்துக் கொடுத்தனுப்பும் கூடுதல் நோட்டு, கொண்டுவர முடியாத நண்பனைத்தான் காயப்படுத்தும். கடைக்கே போகாமல் காவலூர், அருவி, ஏரி என்று முடியும் ஒரு நாள் பயணமாக இருந்தால், கைக்காசே வேண்டாம் என்று சொல்லும் துணிவும் பள்ளிக்கு இருக்கலாம்.

வீடு திரும்பியபின் மிச்சம் இருந்தால் அது பிள்ளைக்கே சொந்தம். திரும்ப வாங்கிக்கொள்ளும் வீட்டில், கடைசி நாளில் பஸ் நிலையக் கடையில் கிடைத்ததை வாங்கிக் காசைத் தீர்க்கத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே கையாளலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட சிறார், வங்கி வகுக்கும் வரம்புக்குள், தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த ரிசர்வ் வங்கியும் 2025 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கையில் வழிவிட்டிருக்கிறது. பல பயணங்களின் மிச்சத்தோடு, தாத்தா கொடுத்ததில் உண்டியலுக்குப் போன பங்கும் சேர்ந்தால் அந்தக் கணக்கைப் பிள்ளை தன் காசிலேயே தொடங்கிவிடலாம்.