ஏலே, நீ யாரு மவன்?

திசையன்விளையில் சின்ன வயசில் நான் போன நூலகத்தில் உறுப்பினர் அட்டையை யாரும் சீந்தியதாக ஞாபகமில்லை. நூலகர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். "ஏலே, நீ யாரு மவன்?" அப்பா பெயரைச் சொன்னதும், "சரி, எடுத்துட்டுப் போ. கிழிச்சே, அவுகட்ட சொல்லிருவேன்!" அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கு இப்போது பெரிய பெயர்: ஆதென்டிகேஷன்!

சமீபத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் காட்டினான். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிற சமாசாரம். நம்ம ஊர்ப் பிரச்னையாச்சே என்று நானும் என் செல்போனில் தேடினேன். முதல் பாராவோடு கதவைச் சாத்திவிட்டு, மீதிக்கு டாலரில் காசு கேட்டது. அவனுக்கு மட்டும் எப்படி இலவசம்? அவன் அரசுக் கல்லூரி மாணவன், ஸார்!

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் நிற்பவருக்கு உங்களைத் தெரியாது. "மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்பார். "பொண்ணு வீடு" என்றால் பெண்ணின் மாமாவைத் திரும்பிப் பார்ப்பார். மாமா "நம்ம பையன்தான்" என்று தலையாட்டினால் இலை போட்டாச்சு. இன்டர்நெட்டிலும் அதே கதை. பதிப்பாளரின் தளம் "எந்தக் கல்லூரி?" என்று கேட்டு, ஆளைக் கல்லூரியின் லாகின் பக்கத்துக்கு அனுப்பும். பாஸ்வேர்டை அங்கேதான் தரவேண்டும். சரியாக இருந்தால் "நம்ம பையன்தான்" என்று பதில் போகும். பாஸ்வேர்டு பதிப்பாளர் கைக்குப் போவதே இல்லை. நம் நாட்டில் இதற்கென 'இன்ஃபெட்' என்ற ஏற்பாட்டை நடத்துவது காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம்.

இந்த வேலைக்கான சாஃப்ட்வேர் ஒன்றின் பெயர் ஷிபோலெத். பைபிளில் நியாயாதிபதிகள் 12-ல் வரும் சொல். யோர்தான் துறையில் காவலர்கள் அதைச் சொல்லச் சொல்வார்கள். 'ஸிபோலெத்' என்று உளறியவன் எதிரி, தலை போயிற்று. அந்தச் சண்டையில் 42,000 பேர் காலி. நல்லவேளை, நம்மிடம் யாரும் 'வாழைப்பழம்' சொல்லச் சொல்லவில்லை. 'வாளப்பளம்' என்றே பாதி ஜில்லா காலியாகியிருக்கும்!

தம்பிக்குக் கதவு திறந்தது 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில். 2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல், 2025 ஜனவரி 1-ல் தொடக்கம். 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 இதழ்கள். 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், ஏறக்குறைய 1.8 கோடி பேர். 2025 முதல் 2027 வரை மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய்.

நல்ல காரியம். சந்தேகமே இல்லை. ஆனால் அந்த 6,000 கோடியில் என் சம்பளத்தில் பிடித்த வரியும் ஒரு துளி இருக்கிறது. கல்லூரியை விட்டு வந்து பல வருஷமான ஆபீஸ் குமாஸ்தாவுக்குத் தலையாட்ட மாமா யார்? உப்புத் தண்ணியைக் குடிக்கிறவன் நான். அதைப் பற்றிப் படிக்க எனக்கு அனுமதி இல்லை!

திட்டத்தை மூன்று கட்டமாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் அரசு நிறுவனங்கள், அடுத்து தனியார் கல்லூரிகள், அப்புறம் பொது நூலகங்கள் வழியாக எல்லாருக்கும். அந்த மூன்றாவது கட்டம்தான் நம்ம பந்தி. அது எங்கள் ஊர் நூலகத்துக்கும் வரட்டும்.

அன்றைக்கும் யாராவது "ஏலே, நீ யாரு மவன்?" என்று கேட்டால் சந்தோஷமாக அப்பா பெயரைச் சொல்வேன்.

பாஸ்வேர்டாவது மறந்து தொலையும். அப்பா பெயர் மறக்குமா?