பிரவுசர் ஏன் உறைகிறது?

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை முன்னின்று வளர்த்த குரோம் பிரவுசர் 2008 செப்டம்பரில் வெளிவந்தது. அதுவரை பெரும்பாலான பிரவுசர்களில் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டால் எல்லாமே நின்றுவிடும். குரோம் டேப்களைத் தனித்தனி செயல்முறைகளாகப் பிரித்தது. அருமையான யோசனை! ஆனால் ஒவ்வொன்றும் தனியாக ராம் நினைவகம் கேட்கும். 4 ஜிபி ராம் மட்டுமே உள்ள வீட்டுக் கணினியில் அது தீர்ந்ததும், விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. சுழலும் தட்டு ராமைவிட மிக மிக மெதுவானது. அந்தக் காத்திருப்புதான் நமக்கு உறைவாகத் தெரிகிறது.

ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்; குரோமின் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதிக நினைவகம் விழுங்கும் டேப்பை மட்டும் முடித்துவிடலாம். எக்ஸ்டென்ஷன்களையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். புதுக் கணினி வாங்க ஓடாதீர்கள். கூடுதல் ராமும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் தட்டு இல்லாத ஒரு எஸ்எஸ்டியும் பல நேரம் போதும்.