முழுப் பலாவும் மூன்று வயதும்

பண்ருட்டியில் பால்வாடி டீச்சராக இருக்கிறேன். பலாவுக்குப் பெயர்போன ஊர். ஆனாலும் எங்கள் சுவரில் தொங்கிய பழப் படத்தில் ஆப்பிள்தான் முதலில் இருக்கும். ஒரு சித்திரையில், சுளை தின்றுகொண்டிருந்த பையனிடம், "இது எங்கேருந்துடா வருது?" என்றேன். "கவர்லேருந்து டீச்சர்" என்றான். கடைத்தெருவில் உரித்துக் கவரில் போட்டு விற்கிறார்களே, பிள்ளை அதைத்தான் பார்த்திருக்கிறான்.

மறுநாளே மண்டியிலிருந்து ஒரு முழுப் பழத்தை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினேன்.

உடனே வெட்டவில்லை. இரண்டு நாள் அப்படியே அறை நடுவில் கிடந்தது. பிள்ளைகள் முதலில் முள்ளுக்குப் பயந்தார்கள். பிறகு உருட்டினார்கள், மேலே ஏறி உட்கார்ந்தார்கள். பிள்ளைகளை எடை பார்க்கும் மெஷினில் பழத்தையும் ஏற்றினோம். 14 கிலோ. அதே மெஷினில் 12 கிலோ நின்றவன், "என்னைவிட குண்டு டீச்சர்!" என்று கத்தினான். அதிகம், குறைவு என்பதை அதற்கு முன் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பிடிபட்டது. தினமும் தட்டிப் பார்க்கச் சொன்னேன். காயாக இருக்கையில் 'டக் டக்', பழுத்ததும் 'தொப் தொப்'. மூன்றாம் நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பழுத்துடுச்சு டீச்சர்" என்றார்கள். மூக்குதான் சொல்லிக்கொடுத்தது.

கத்தியை நான் மட்டுமே தொட்டேன். பிள்ளைகள் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டார்கள். மாட்டேன் என்ற ஒருத்திக்கு விரல்கள் ஒட்டிக்கொண்டன. தண்ணீரில் கழுவினாள், போகவில்லை. எண்ணெய் தேய்த்ததும் பிரிந்தது. பலாப்பால் தண்ணீருக்கு மசியாது, எண்ணெய்க்குத்தான் மசியும் என்று அதன் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பலா பார்க்க ஒரு பழம். உண்மையில் நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்த கூட்டம். வெளியே தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகிறது, சேராதது நாராக நின்றுவிடுகிறது. "ஒரு பூவுக்கு ஒரு சுளை" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னேன். பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து, எண்ணிக்கொண்டே தின்றார்கள். முந்திரிப் பழத்தையும் ஒருநாள் கொண்டுவந்தேன். கொட்டை ஏன் வெளியே தொங்குகிறது என்று கேட்டார்கள். சதையாகத் தெரிவது பருத்துப்போன காம்பு, கொட்டைதான் நிஜமான கனி. பச்சைக் கொட்டையின் பால் பட்டால் தோல் வெந்துவிடும், ஆகவே அதை என் கையிலேயே வைத்துக் காட்டினேன்.

பலாக்கொட்டை காய்ந்தால் முளைக்காது. அன்றே டப்பாக்களில் ஊன்றினோம். சில வாரங்களில் முளை எட்டிப் பார்த்தது.

"சட்டையெல்லாம் பால் கறை டீச்சர்" என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். "பழைய சட்டை ஒண்ணு கொடுத்தனுப்புங்கம்மா" என்றேன். மறுவாரம் எல்லாருமே கொடுத்தனுப்பினார்கள்.

பெற்றோர்களே, சின்னப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன் சுளையிலிருந்து கொட்டையை எடுத்துவிடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள், முழுசாகக் கொடுத்தால் தொண்டையை அடைக்கும். ஆனால் நறுக்குவதற்கு முன்னால் முழுப் பழத்தை ஒருமுறை அவர்கள் மடியில் வையுங்கள்.